புண் ஆற்றும் ஊசியா? வாங்குமுன் யோசிப்போம்

"தங்கச்சி, இந்த ஊசி போட்டால் புண் கெதியா ஆறுமெண்டு சொல்லினம். உண்மையோ?"

வன்னியில் ஓர் அக்கா தனது கைத்தொலைபேசியை நீட்டிக் கேட்டார். 2009இல் ஒரு காலை இழந்தவர். செயற்கைக்கால் உரசும் இடத்தில் அவருக்கு அடிக்கடி புண் வரும். ஊசி வாங்க வெளிநாட்டிலுள்ள தம்பியிடம் காசு கேட்க எண்ணியிருந்தார்.

விளம்பரத்தில் இருந்தது ஒரு செயற்கைப் பெப்தைட்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த நீண்ட மாலை. பெப்தைட்டு என்பது அதுபோன்ற ஒரு சிறு மாலை.

இது எமக்குப் புதிதல்ல. பிள்ளைப்பேற்றின் பின் இரத்தப்போக்கைத் தடுக்கப் போடப்படும் ஒட்சிரோசின் ஊசியும் 9 அமினோ அமிலங்களாலான பெப்தைட்டே. 1953இல் அமெரிக்காவில் வின்சன்ட் டு வின்யோ அதைச் செயற்கையாக ஆக்கினார். 1955இல் நோபல் பரிசும் பெற்றார். 16 அமினோ அமிலங்களாலான இன்னொரு பெப்தைட்டு, இரத்தம் பட்டதும் கூழாகிக் கசிவை நிறுத்துகிறது. அது சத்திரசிகிச்சைகளில் பயன்படுகிறது.

ஆனால் அக்கா காட்டிய 'பிபிசி-157' அப்படியானதல்ல. பெயர் வானொலியை நினைவூட்டினாலும் இது 15 அமினோ அமிலங்களாலான பொருள். எலிகளில் தசைநார்க் காயங்கள் விரைவாக ஆறியதாக ஆய்வுகள் உண்டு. மனிதரில் நடந்த ஆய்வுகளோ மிகச் சில. புதிய இரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் பொருள் புற்றுநோய்க் கட்டியையும் வளர்த்துவிடுமோ என்ற அச்சமும் உள்ளது. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் விளையாட்டு வீரர்களுக்கு இதைத் தடைசெய்தது. இணையத்தில் விற்கும் குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறதென்று எமக்குத் தெரியாது.

ஆறாத புண்ணுக்குக் காரணம் இருக்கும். உள்ளே செல் துண்டு இருக்கலாம், எலும்பில் கிருமி இருக்கலாம், சலரோகம் இருக்கலாம். அக்காவை கிளினிக்குக் கூட்டிப்போனோம். அவருடைய கால் மெலிந்து, செயற்கைக்காலின் கிண்ணம் தளர்ந்திருந்தது. அதை மாற்றிய பிறகு புண் ஆறத் தொடங்கியது.

இன்னொன்று, சகோதரிகளே. புண் வந்தால் 'கிரந்தி' என்று மீனையும் முட்டையையும் ஒதுக்கிவிடுகிறோம். புதிய தசை வளர உடல் தேடும் அமினோ அமிலங்கள் அவற்றில்தான் நிறைய உண்டு. வைத்தியர் தடுக்காவிட்டால் பயமின்றிச் சாப்பிடுங்கள். பருப்பும் கடலையும் சேருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பியின் காசில் அக்கா கோழிக்கூடு போட்டிருக்கிறார்.