மனம் மறந்தும் கை மறவாத வித்தை

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளியில் இன்று துறைமுகமும் கப்பல் தளமும் எழுந்து நிற்கின்றன. ஆயினும் வீச்சு வலை எறியும் மீனவரும், கழிநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் அப்பிரதேசத்தில் இன்னும் உளர். இவ்வித்தையை என்று, எவ்வாறு கற்றனர் என்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று, கையோ தயங்குவதில்லை. ஞாபகசக்தியைப் பற்றிய அரியதோர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

1953-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது வாலிபருக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு, ஸ்கோவில் என்னும் ரண வைத்தியர் மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் என்ற பாகத்தில் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்பு தணிந்தது, ஆனால் அதன்பின் நேர்ந்த சம்பவங்கள் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற மனோதத்துவ நிபுணர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையுமாறு அவரை மூன்று நாள் பழக்கினார். முன்பு அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. எனினும் கை நாளுக்கு நாள் தேறிற்று. 2008-ல் அவர் காலமானார்.

இதற்கு வெகு முன்பே, 1911-ல், ஜெனீவாவின் கிளாபரேட் என்னும் அறிஞர் மறதி நோயுற்ற ஒரு மாதின் கையை ஊசி மறைத்த தம் கையால் பற்றினார். குத்தியதை அவள் மறந்தாள். மறுமுறை கை கொடுக்க மட்டும் மறுத்தாள்.

சொல்லக்கூடிய ஞாபகம் வேறு, செயலில் மட்டும் வெளிப்படும் ஞாபகம் வேறு என்பது இவற்றால் விளங்கும். 1985-ல் கிராஃப், ஷாக்டர் என்ற இருவர் இப்பாகுபாட்டுக்குப் பெயரிட்டனர். பழகிய தொழில்களைச் சிறுமூளை முதலிய வேறு பாகங்கள் காத்து வருகின்றன.

இதனால் நமக்கென்ன பயன்? ஆலைகளும் கனரக வண்டிகளும் நெருங்கிய வட சென்னையில் தலைக்காயம் அபூர்வமன்று. மிதமிஞ்சிய குடியால் தயாமின் என்ற உயிர்ச்சத்துக் குன்றி, ஞாபகம் அழிவதும் உண்டு. அத்தகையோரை, "புத்தி போய்விட்டது, இனி எதற்கும் உதவார்" என்று மூலையில் உட்கார்த்துவது அறியாமை, அநீதியுங்கூட. மகன் வந்து போனதை மறந்தவர் வலை முடைய மறந்திருக்கமாட்டார். வேலையை அவர் கையில் கொடுத்துப் பார்த்தாலன்றோ தெரியும்?

கற்பிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தவறு செய்ததை நினைவுகூர இயலாதவர் தவற்றிலிருந்து திருந்த இயலாது. அத்தவறே கையில் ஊறிவிடும். எனவே தொடக்கம் முதல் பிழை நேராதபடி வழிகாட்டுவதே நலமென்று 1994-ல் பாட்லியும் வில்சனும் சோதித்துக் காட்டினர். "நேற்றுத்தானே சொன்னேன்?" என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. ஒரே இடம், ஒரே ஒழுங்கு, ஒரே வேலை, பொறுமை, இவையே மருந்து.

சிகிச்சைக்கு வைத்தியர் இருக்கின்றனர். ஆனால் தன் பெயரோடு தன் தொழிலையும் ஒருவன் இழந்துவிடாமல் காப்பது, அவன் குடும்பத்தாரும் வேலை கொடுப்போரும் செய்யவேண்டிய கடமை என்பதே நமது அபிப்பிராயம்.