இழுப்பு வருத்தமுள்ள பிள்ளைக்கு கிளினிக் கவனிப்பு பயன் தருகிறதா?

இழுப்பு, முட்டு, தொய்வு என்று ஊருக்கு ஒரு பெயர் சொன்னாலும் வருத்தம் ஒன்றுதான், ஆஸ்துமா. மலைக்குளிர்தான் காரணம், பிள்ளையைக் கரையோரத்துக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று லயங்களில் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் சாய்ந்தமருதில் பிறந்தவர்கள். கடற்கரை வெயிலில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் இழுப்பு வருவதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆகவே ஊரை மாற்றுவதை விட, பிள்ளைக்குக் கிடைக்கும் கவனிப்பு சரிதானா என்று பார்ப்பதே முக்கியம்.

அதை எதை வைத்து அளப்பது? "இந்த மாசம் நாலு தடவ ஆவி புடிச்சாங்க, நல்லாத்தான் கவனிக்கிறாங்க" என்று சில தாய்மார் எங்களிடம் சொல்வதுண்டு. ஆவி பிடிப்பது உயிரைக் காக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப அதற்கே போகிறதென்றால் வருத்தம் கட்டுப்படவில்லை என்றுதான் அர்த்தம். நீல நிற பம்பிலுள்ள சல்பியூட்டமோல், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்து வைக்கும். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே கிடக்கும். அதைக் குறைப்பது பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. பிள்ளை சுகமாக இருக்கும் நாளிலும் அதை இழுக்க வேண்டும். "சுகமாயிட்டான், இனி எதுக்கு?" என்று நிறுத்தும் வீட்டில்தான் அடுத்த மாதம் நடுராத்திரியில் வாகனம் தேடி ஓடுகிறார்கள்.

இது சின்ன விஷயமில்லை. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கண்டார்கள். நிவாரண பம்ப் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்தவர்களில், 100க்கு 39 பேர் ஒரே வருடத்தில் 12க்கு மேல் வாங்கியிருந்தார்கள். பின்லாந்தோ 1994இல் பத்து வருடத் திட்டமொன்றைத் தொடங்கி, ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. அங்கே பார்த்தது எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதை மட்டுமல்ல, எத்தனை நாள் படுக்கை குறைந்தது என்பதையும்தான்.

நாமும் வீட்டில் ஒரு கொப்பியில் கணக்கு வைக்கலாம். இந்த மாதம் எத்தனை இரவு இருமி எழும்பினான், பாடசாலை எத்தனை நாள் போகவில்லை, நீல பம்ப் எத்தனை தடவை, பிள்ளைக்காக அம்மாவுக்கு எத்தனை நாள் பேர் போனது. 4 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு ஏழு கேள்விச் சோதனையொன்று உண்டு. அதில் நான்கு கேள்விகளைப் பிள்ளையிடமே கேட்பார்கள், மூன்றைப் பெற்றோரிடம். மொத்தம் 27 புள்ளி. 19 அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டுப்பாடு போதாது. பிள்ளையிடம் கேட்பது நல்ல பழக்கம். ஓடும்போது மூச்சு முட்டுவதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை.

மூன்று மாதமாகியும் கணக்கு குறையாவிட்டால் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். பம்பை இழுக்கும் முறையைத் தங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்கிறார்களா? ஸ்பேசர் கொடுத்தார்களா? அடுப்புப் புகை, வீட்டுக்குள் பீடி, சிகரட் பற்றிக் கேட்டார்களா? கடும் ஆஸ்துமா என்று நினைக்கும் பிள்ளைகளில் பலருக்கு இவற்றைச் சரிசெய்தாலே இழுப்பு குறையும். எல்லாம் சரியாக இருந்தும் குறையாத பிள்ளையைச் சிறுவர் வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள்.

இழுப்பு கூடினால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளைக் காம்பராவிலும் பாடசாலையிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வையுங்கள். பேச முடியாமல் திணறினால், உதடு நீலித்தால், விலா எலும்பு உள்ளிழுத்தால், நீல பம்பை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.