திருமலைப் படிகளும் இரத்த அழுத்தமும்

சித்தூர் வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் இந்நோயை ‘ரக்தபோட்டு’ என்பர்; தமிழர் ‘இரத்தக் கொதிப்பு’ என்பர். ‘போட்டு’ என்பது கடலின் ஏற்றத்தைக் குறிக்கும் சொல். இரண்டினுள் தெலுங்குப் பெயரே உண்மைக்கு அணித்தானது. இரத்தம் கொதிப்பதில்லை, தமனிகளின் சுவர்மீது அது மோதும் விசையே மிகுகின்றது. இருதயம் சுருங்கும்போது இவ்விசை உச்சத்தையும், விரியும்போது தாழ்நிலையையும் அடைகின்றது. பாதரசக் கம்பத்தின் உயரத்தைக் கொண்டு இதனை 120/80 மில்லிமீட்டர் என்பதுபோல் எழுதுவது வழக்கம். ஓய்ந்திருக்கையில், வெவ்வேறு நாட்களில் அளந்தும், மேலெண் 140-ஐயோ கீழெண் 90-ஐயோ எட்டுமாயின் அது மிகை இரத்த அழுத்தம் எனப்படும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயது நிரம்பிய ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் பெண்களில் 21 பேருக்கும் இந்நிலை உண்டு. அவருட் பலர் அதனை அறியார். ஏனெனில் வலியோ சுரமோ தோன்றுவதில்லை.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர்; படிகள் 3,550. ஏறுகின்றவரின் தசைகள் மிகுந்த பிராணவாயுவை வேண்டுவதால் இருதயம் விரைந்தும் வலிந்தும் இயங்குகின்றது. நலமுள்ளவர்க்கும் மேலெண் வெகுவாக உயரும். கீழெண் அவ்வளவு மாறாது. உட்கார்ந்து இளைப்பாறினால் சிறிது நேரத்தில் இது தணிந்துவிடும். தலையில் மூட்டையோ தோளில் குழந்தையோ இருப்பின் கதை வேறு. சுமையைத் தாங்கி இறுகிநிற்கும் தசைகள் தம்முள் ஓடும் குழாய்களை நெருக்குவதால் இரு எண்களும் சேர்ந்தே ஏறுகின்றன. நடப்போரின் மூட்டைகளைத் தேவஸ்தானம் கட்டணமின்றி மேலே சேர்ப்பிப்பது இவ்வகையிலும் நன்மையே. முன்னரே 170-இல் இருப்பவர், முழங்காலால் பெயர்பெற்ற செங்குத்தான பகுதியை அடையும்போது, அவருடைய மூளையின் நுண்குழாய்களும் இருதயமும் தாங்கவேண்டிய பாரம் எளிதன்று. விரதத்தை முன்னிட்டு அன்றைய மாத்திரையையும் விட்டவர் நிலை இன்னும் கவலைக்குரியது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மிகுந்து எழும். விரதம் உணவுக்கேயன்றி மருந்துக்கு அன்று என்பதைக் களப்பணியாளர் வீடுதோறும் கூறலாம். மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முதலில் தம் அழுத்தத்தையே அறிந்துகொள்வது நலம்.

மாத்திரை உண்டு அழுத்தம் தணிந்தவுடன் ‘நோய் தீர்ந்தது’ என்று நிறுத்துவோரே மிகுதி. தணிந்திருப்பது மருந்தினால்தான். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரை இதற்குப் பயன்படுத்தலாமென மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் அவ்வேரினின்று ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு முதலிய தீங்குகளால் அது இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. ஆகவே, வேரைத் தாமே வாங்கி உண்பது தகாது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவிற்குள், இருத்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆவக்காய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

அளக்கும்போது பிழை நேர்வது எளிது. படியேறி வந்தவரை உடனே அளத்தலாகாது. ஐந்து நிமிடமேனும் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாது அமரச் செய்க. அரைமணிக்குள் காப்பியோ புகையிலையோ கொண்டிருத்தலாகாது. கை இருதயத்தின் மட்டத்தில் தாங்கப்பெறுதல் வேண்டும். பருத்த கைக்குச் சிறு பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். இரு முறை அளந்து, நாளுடன் சீட்டில் குறித்துக் கொடுத்தால், அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்கு அதுவே பேருதவியாகும்.