டொக்டர் இல்லை என்றால் யாரைக் கேட்பது?

அச்சுவேலி பிரதேச வைத்தியசாலையை நம்பியிருப்பவர்கள் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் தண்ணி மாறிவிட்டுச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வரும் இடைக்காட்டுக் கமக்காரர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுச்சாமத்தில் ஓட்டோ பிடிக்கும் வளலாய்த் தாய், கைத்தொழிற்பேட்டையில் கை நசுங்கிய தொழிலாளி, பிறஷர் குளிசை முடிந்துபோன பத்தமேனி அம்மம்மா. தனியார் மருத்துவமனைக்குப் போகக் கையில் காசில்லாத இவர்கள் எல்லோருக்கும் முதல் வாசல் அதுதான்.

அந்த வாசலில் ஒரு வைத்தியர் இருக்கிறாரா? இருந்தால் எத்தனை மணிநேரமாக நித்திரை இல்லாமல் இருக்கிறார்? அடுத்த வருடமும் இங்கேயே இருப்பாரா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்தியரின் வேலைநேரத்திலும் சம்பளத்திலும் பாதுகாப்பிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் அதை வைத்தியர் சங்கத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான வழக்கென்று விட்டுவிடுகிறோம். பணிப்புறக்கணிப்பு நாளில் மட்டும் கோபப்படுகிறோம். அந்தக் கோபமும் பெரும்பாலும் கடமையில் நிற்கிற வைத்தியர் மேலேயே போய் விழுகிறது. வைத்தியர் வராததற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்தை அது எட்டுவதே இல்லை.

யார் பொறுப்பு?

1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின் பின் சுகாதாரம் இரண்டாகப் பிரிந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. அச்சுவேலி போன்ற பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ், யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பில் உள்ளன. ஆனால் வைத்தியர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களின் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் கொழும்பில் தீர்மானமாகின்றன.

அதாவது கட்டடம் மாகாணத்தினுடையது, அதில் வேலை செய்யும் வைத்தியரை அனுப்புவது மத்திய அமைச்சு. ஒரு வெற்றிடம் நிரம்பவில்லை என்றால் ஒருவர் மற்றவரைக் காட்டுவது இலகு. அதோடு வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால், மாகாண வைத்தியசாலைகளைப் பற்றிச் சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லை.

ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி என்று ஒன்று இருக்கிறது. எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர், எத்தனை மருந்தாளர் என்பதெல்லாம் எழுத்தில் உள்ள எண்கள். ஊரவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான். "டொக்டர்மார் காணாது" என்று சொன்னால் அது முறைப்பாடாகக் காற்றோடு போய்விடும். "ஆளணி இவ்வளவு, கடமையில் இவ்வளவு, வெற்றிடம் இத்தனை மாதமாக" என்று எழுதினால் அதற்கு ஓர் அதிகாரி பதில் எழுத வேண்டி வரும்.

வேலைநேரம்: களைப்பு யாருக்கு ஆபத்து?

பிரதேச வைத்தியசாலை வைத்தியரின் வேலை வெளிநோயாளர் பிரிவோடு முடிவதில்லை. காலையில் விடுதி நோயாளரைப் பார்க்க வேண்டும், பிறகு வெளிநோயாளர் வரிசை, கிளினிக் நாளென்றால் கட்டுக்கட்டாகக் கொப்பிகள். அடிபிடிக் காயத்தோடு பொலிஸ் ஒருவரைக் கொண்டுவந்தால் சட்ட மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும், பின்னொரு நாள் நீதிமன்றம் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். இரவில் தங்குமிடத்திலிருந்து அழைப்புக்கு வர வேண்டும். மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பட்டமேற்படிப்புக்கும் இன்னொருவர் பிரசவ விடுமுறைக்கும் போனால், மிஞ்சியவருக்கு இரவும் பகலும் ஒன்றாகிவிடும்.

இதன் ஆபத்தை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 17 முதல் 19 மணிநேரம் நித்திரையின்றி விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சிறுபிள்ளைக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுகையில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறினாலே போதும். ஐரோப்பிய ஒன்றியம் வாரத்துக்குச் சராசரி 48 மணிநேரம் என்ற எல்லையை வைத்தியர்களுக்கும் பொருத்தியிருக்கிறது. நியூயோர்க்கில் 1984 இல் லிபி ஸயோன் என்ற 18 வயது மாணவி இறந்த வழக்குக்குப் பிறகுதான் அமெரிக்காவில் பயிற்சி வைத்தியர்களின் வேலைநேரம் பெரிய கேள்வியானது. 2003 இல் வாரத்துக்கு 80 மணிநேரம் என்ற எல்லை நாடு முழுவதற்கும் வந்தது. களைத்த வைத்தியருக்கு ஓய்வு கேட்பது அவருக்கு நாங்கள் செய்யும் உபகாரம் என்று எண்ணவேண்டாம். அது எங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்பது.

சம்பளத் துண்டில் என்ன இருக்கிறது?

அரச வைத்தியரின் மாதக் கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்தோடு நிற்பதில்லை. வாழ்க்கைச் செலவுப்படி, இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து ஆகியவற்றுக்காக வழங்கும் டிஏடி எனப்படும் கொடுப்பனவு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியன சேரும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பும் வரியும் கழியும். 2024 ஜனவரியில் டிஏடி 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. ஏனைய சுகாதார ஊழியர் சங்கங்கள் தங்களுக்கும் அதற்கு ஈடான உயர்வு வேண்டும் என்று பணிப்புறக்கணிப்பில் இறங்கின. ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அன்று வரிசையில் காத்திருந்த நோயாளர்கள் அனுபவித்தார்கள்.

2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்த முன்மொழிந்தது. வைத்தியர்களின் அடிப்படைச் சம்பளமும் அதோடு உயர்ந்தது. ஆனால் மேலதிக நேரத்தைக் கணக்கிடும் பங்கை, மணிக்கு அடிப்படைச் சம்பளத்தின் 80 இல் ஒன்று என்பதிலிருந்து 120 இல் ஒன்றாகக் குறைக்கும் முன்மொழிவும் கூடவே வந்தது. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என்றால், 80 இல் ஒன்று மணிக்கு 750 ரூபா. சம்பளம் 90,000 ஆகி, பங்கு 120 இல் ஒன்றானால், அதுவும் மணிக்கு 750 ரூபாதான். இரவு விழித்திருக்கும் மணிநேரத்துக்கு ஒரு சதமும் கூடவில்லை. ஆட்கள் குறைந்த தூர இடங்களில் மேலதிக நேரம்தான் வைத்தியர்களின் வாழ்க்கையில் பாதி. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்ததன் காரணம் இங்கே இருக்கிறது.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் மாதம் 1 இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைப்போர் எல்லோரும் வருமான வரிக்குள் வந்தார்கள், உச்ச வீதம் 36 சதவீதமானது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை 1 இலட்சத்து 50 ஆயிரமாக உயர்ந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களில் பலர் கடவுச்சீட்டை எடுத்துவிட்டார்கள். 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்ற சுற்றறிக்கையும் வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊர்களில், ஓர் இளம் வைத்தியர் ஏன் போகிறார் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் தங்குவதற்குக் காரணங்களை உண்டாக்குவதுதான் வேலை.

பாதுகாப்பு

2025 மார்ச் 10 ஆம் திகதி இரவு அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடித்துத் தங்குமிடம் சென்ற பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். மார்ச் 12 அன்று நாடு முழுவதும் வைத்தியர்கள் பணிப்புறக்கணித்தனர். 2024 ஓகஸ்ட் 9 இல் கொல்கத்தா ஆர்ஜி கர் மருத்துவமனையில் நீண்ட கடமைக்கிடையே ஓய்வெடுத்த பயிற்சி வைத்தியர் கொல்லப்பட்டார். அதே வருடம் நவம்பரில் சென்னை கிண்டி அரச மருத்துவமனையில் புற்றுநோய் வைத்தியர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார்.

எங்கள் மண் இதை வேறு வடிவில் முன்பே கண்டது. 1987 ஒக்ரோபர் 21, 22 இல் யாழ். வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 2009 இல் வன்னியில் எறிகணைகளுக்கு நடுவே நோயாளரை விட்டுப் போகாமல் நின்ற அரச வைத்தியர்கள் பின்னர் தடுத்து வைக்கப்பட்டார்கள். அப்படி நின்றவர்களின் வழிவந்தவர்களுக்கு இன்று நாங்கள் கேட்டுக் கொடுக்கக்கூடியவை சிறியவை: தங்குமிடத்துக்குப் பூட்டுள்ள கதவு, வளவுக்கு வெளிச்சம், இரவில் ஒரு காவலாளி.

கடமையிலுள்ள அரச ஊழியரைத் தாக்குவதும் பலாத்காரம் காட்டித் தடுப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பாலியல் தொந்தரவு 345 ஆம் பிரிவின் கீழ்த் தண்டிக்கப்படும். ஆத்திரத்தில் ஒரு வைத்தியரின் சட்டையைப் பிடிப்பவர் வழக்கில் அகப்படுவார். அதைவிடப் பெரிய நட்டம், அந்த வைத்தியர் அடுத்த இடமாற்றப் பட்டியலில் வேறு ஊரைக் கேட்பார்.

நோயாளரின் உரிமைகளும் வழிகளும்

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. ஆனால் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தருகிறது. அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் சிகிச்சை செய்ய அனுமதி உண்டு என்றாலும், அங்கே வந்தால்தான் கவனிப்பேன் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

வெற்றிடம் நிரம்பவில்லை என்றால்:

1. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, கடமையில் உள்ளவர்கள், வெற்றிடத் திகதிகள், அதை நிரப்ப அனுப்பிய கடிதங்களின் திகதிகள் ஆகிய நான்கும் போதும். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

2. 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

3. எண்கள் கையில் வந்தபின் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், ஆளுநர் அலுவலகம், மத்திய சுகாதார அமைச்சு ஆகிய மூன்று இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் காட்ட இடமில்லாமற் போகும். பிரதி ஒன்றை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.

சிகிச்சையில் தவறு நடந்ததாக நினைத்தால் கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, மருந்துத் துண்டு எதையும் எறியாதீர்கள். முதலில் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் முறையிடுங்கள். வைத்தியரின் தொழில் ஒழுக்கம் பற்றியதானால் சத்தியக்கடதாசியோடு இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். அடிப்படை உரிமை மீறலானால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த அவகாசத்தில் சேராது. அந்த ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு.

2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பதில் அத்தியட்சகராக வந்த வைத்தியர் குறைபாடுகளைச் சமூக ஊடகத்தில் பகிரங்கமாகச் சொன்னார், ஏனைய வைத்தியர்கள் அவருக்கு எதிராகப் பணிப்புறக்கணித்தனர், தென்மராட்சி மக்கள் வீதிக்கு வந்தனர். எவர் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு: ஆளணியும் கணக்கும் மக்கள் கையில் முன்பே எழுத்தில் இருந்திருந்தால், ஊர் நேரலைக் காணொளிகளை நம்பியிருக்க வேண்டி வந்திராது.

வைத்தியர்களுக்கான வழிகள்

இடமாற்றம், பதவியுயர்வு, ஒழுக்காற்று விடயங்களில் அநீதி நடந்தால் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும், அதன் தீர்ப்புக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் போகலாம். லீவும் தங்குமிட வசதியும் தாபன விதிக்கோவையில் உள்ளவை. மேலதிக நேரப் பதிவை ஒவ்வொரு நாளும் எழுதி ஒப்பமிடுவித்து ஒரு பிரதியை வைத்திருங்கள். தனியே கடமை செய்த இரவுகளை மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள். நாளைக்கு ஒரு தவறு நேர்ந்தால் உங்களையும், வெற்றிடத்தைக் கேட்கும் ஊரையும் காக்கப்போவது அந்தக் கடிதம்தான்.

பணிப்புறக்கணிப்பு நாளில்

வழமையாக வெளிநோயாளர் பிரிவும் கிளினிக்குகளும் நிற்கும். அவசர சிகிச்சை நடக்கும், மகப்பேறு, சிறுவர், புற்றுநோய், சிறுநீரகச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு விலக்கு அளிப்பது வழக்கம். நீண்டகால நோயுள்ளவர்கள் குளிசை முடிவதற்கு ஒரு கிழமை முன்பே கிளினிக் திகதியைப் பாருங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், ஒருபக்கம் வழங்காமற் போதல், கடும் இரத்தப்போக்கு என்றால் 1990 ஐ அழையுங்கள். 2018 யூலை முதல் வடக்கில் ஓடும் அந்த அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மந்திகை வைத்தியசாலைக்கா யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கா என்று வீட்டில் யோசித்து நேரத்தை இழக்க வேண்டாம்.

சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவும் சேர்ந்து இந்த மாதமே ஒரு விண்ணப்பம் எழுதலாம். ஒரு தாளில் நான்கு கேள்விகள், கீழே ஒப்பம், திகதி. வைத்தியரின் இரவு ஓய்வையும் கமக்காரரின் காலைக் கிளினிக்கையும் ஒரே விடயமாகக் கேட்கப் பழகிய ஊருக்கு, பதில் சொல்லாமல் இருப்பது எந்த அலுவலகத்துக்கும் இலகுவல்ல.