மருந்தால் நலியும் கல்லீரலைக் கீழாநெல்லி காக்குமா?

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் வீடுதோறும் எடுத்துக்கொள்ளப்படும் பாராசிட்டமால், அளவோடு உட்கொள்ளும்போது பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பான 4 கிராமை வெகுவாக மீறும்போது அதுவே கல்லீரலுக்கு நஞ்சாகிறது. உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக்கிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிட, சிறுபகுதி மட்டும் அங்குள்ள நொதிகளால் கடுமையான நச்சுப்பொருளாக மாறுகிறது. செல்களுக்குள்ளேயே உருவாகும் குளுட்டத்தயோன் என்னும் எதிர் ஆக்சிகரணி அந்த நஞ்சைப் பற்றிச் செயலற்றதாக்குகிறது. மருந்து மிகுந்து குளுட்டத்தயோன் தீர்ந்துபோனால், நஞ்சு செல்லின் புரதங்களோடு பிணைய, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைய, ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகிச் செல்கள் மடிகின்றன.

இச்சேதத்தைத் தாவரச் சாறுகளால் தடுக்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. தமிழகத்தில் மஞ்சள் காமாலைக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் கீழாநெல்லி, மஞ்சளில் உள்ள குர்குமின், ஐரோப்பாவின் மில்க் திஸில் என்னும் முட்செடியின் விதையிலிருந்து கிடைக்கும் சிலிமரின் ஆகியவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பாராசிட்டமாலைச் செலுத்தியபோது, கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதிகளின் அளவு குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இம்முடிவுகள் ஊக்கமளிப்பவை, ஆனால் இவற்றை மனிதருக்கு அப்படியே பொருத்துவது தவறு. பல சோதனைகளில் சாறு நஞ்சுக்கு முன்பே கொடுக்கப்படுகிறது. மருந்தை அளவுமீறி விழுங்கப்போகிறவர் எவரும் முன்கூட்டிச் சாறு குடித்து வைப்பதில்லை. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு: பாராசிட்டமாலை நஞ்சாக்கும் நொதியையே சாறு முடக்கிவிட்டால், நஞ்சு உருவாகாமலேயே போகும், அப்போது கல்லீரல் பிழைத்ததற்கு எதிர் ஆக்சிகரணத் திறனே காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

மருத்துவமனைகளில் மெய்ப்பிக்கப்பட்ட மாற்று மருந்து என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகும். அது குளுட்டத்தயோன் மீண்டும் உருவாவதற்கான மூலப்பொருளைத் தருகிறது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளே சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியுள்ளன. காசநோய்க்கான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகியவையும் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால், அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் சொல்லாமல் மூலிகைச் சாறு எதையும் சேர்க்கவோ மாத்திரையை நிறுத்தவோ கூடாது. பாராசிட்டமாலை அளவுமீறி உட்கொண்டவர் முதல் நாளில் நலமாகவே தோன்றலாம். அதை நம்பிக் காத்திராமல், மாற்று மருந்து மிக நன்றாகப் பயன்தரும் முதல் 8 மணி நேரத்துக்குள் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.