குடியுரிமையும் குடும்பமும்

மக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து வாழ்தல் உலகத்து இயற்கை. மழை பொய்த்த காலத்தும், தொழில் நலிந்த காலத்தும், பகை மூண்ட காலத்தும் பிறந்த மண்ணை நீங்கிப் பிறிதொரு மண்ணை நாடிச் செல்லாத இனம் உலகில் யாண்டும் இல்லை எனலாம். யாம் பிறந்த காஞ்சி மாநகரே இதற்குச் சான்று பகரும். இந்நகரத்துப் பட்டுக்கு வேண்டும் நூல் கன்னட நாட்டினின்றும், சரிகை சூரத்து நகரினின்றும் வருகின்றன. தறியில் அமர்ந்து அவற்றை நெய்வாருள் தமிழர் உளர். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடையாரும் உளர். புகாரிற் பிறந்து, சாவகமும் வஞ்சியும் கண்டு, இறுதியிற் கச்சி நகரை அடைந்து பசித்தார்க்கு உணவூட்டினாள் மணிமேகலை. அவளை வாயிலில் நிறுத்தி, உன் சீட்டு யாது என்று எவரும் வினவியதாகச் சாத்தனார் கூறவில்லை.

இக்காலத்து நிலை வேறு. ஒரு நாட்டெல்லையைக் கடப்பார்க்கு மூன்று படிகள் உள. முதலாவது நுழைதல், இதற்கு வேண்டுவது விசா எனப்படும் நுழைவிசைவு. இன்ன காரியத்திற்கு, இத்துணை நாளைக்கு என்று அஃது அளந்து தரப்படும். இரண்டாவது உறைதல், நெடுங்காலம் தங்குவார் அரசினரிடம் பதிந்துகொண்டு, தவணை முடியுமுன் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். நம் நாட்டில் 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வரும் அயல்நாட்டார் வந்த 14 நாட்களுக்குள் பதிந்துகொள்வது பொதுவிதி. மூன்றாவது உரிமை, அதாவது குடியுரிமை. முன்னிரண்டற்கும் தவணை உண்டு, மூன்றாவதற்கு இல்லை. குடியுரிமை உடையானை, நீ எத்துணை நாள் தங்குவாய் என்று அவன் நாட்டில் ஒருவரும் கேளார். அஃது இல்லான் ஐம்பது ஆண்டு உழைப்பினும் அக்கேள்விக்கு விடையிறுத்தே தீரல்வேண்டும்.

இப்பொருளை ஆராயுமாறு எம்மைத் தூண்டியது ஒரு தகரப்பெட்டி. எம் தெருவில் பட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் மூதாட்டியார் ஒருவர் உளர். இலங்கை மலைநாட்டினின்றும் வந்தவராதலின் தெருவார் அவரை 'மலைநாட்டு ஆயா' என்று அழைப்பர். சென்ற விடுமுறையில் அவர்தம் பேர்த்தி கல்லூரிச் சேர்க்கைக்குரிய சான்றிதழ் ஒன்றன் பொருட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றபோது, பாட்டனார் காலத்துத் தாள்களைக் கொணருமாறு பணித்தனர். ஆயா தம் பெட்டியைத் திறந்து, பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றும், குடும்ப அட்டை ஒன்றும், தமையனார் எழுதிய கடிதக் கட்டும் எடுத்து எம்மிடம் தந்து, படித்துச் சொல்லுமாறு கேட்டார். எழுத்தைப் படித்தோம், பொருள் விளங்கவில்லை. தங்கைக்கு இந்தியக் கடவுச்சீட்டும், உடன்பிறந்த தமையனார்க்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடியபோது யாம் அறிந்தனவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

ஆங்கிலேயர் இலங்கையில் முதலிற் காப்பியும், 1867-ஆம் ஆண்டு முதல் தேயிலையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்தோறும் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்வார் ஒவ்வொருவர்க்கும் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு ஒன்று அளிக்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடியினின்றும் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. உழைக்கும் உடம்பு இருந்தாற் போதும். பிறந்த நாள் யாது, பாட்டன் பிறந்த ஊர் யாது என்று அப்பொழுது கேட்டார் இலர். பின்னர்க் கேட்கப்பட்டதோ அது ஒன்றே. இம்முரண்பாட்டை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிறைவேறிய 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கிற் சேரவில்லை. தலைப்பேற்றிற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புதல் நம்மவர் வழக்கம். அவ்வாறு திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர்க்கு வந்து ஒருத்தி மகவு ஈன்று மீண்டாளாயின், அம்மகவு வளர்ந்து தந்தையானபோது 'இந்தியாவிற் பிறந்தவன்' ஆயிற்று. அவன் மக்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தும் உரிமை இழந்தனர். உண்மையில் மூன்று தலைமுறையும் ஆங்கே பிறந்தோர்க்கும், அதனை மெய்ப்பிக்கும் பதிவுத்தாள் கிடைத்தல் அரிதாயிருந்தது.

இவ்வாறு விடுபட்டோர் பொருட்டு 1949-இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பிறந்தது. 1946 சனவரி 1-ஆம் நாளுக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோரும் துணையை இழந்தோரும் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை பெறலாம். ஒருமுறை 12 மாதத்திற்கு மேல் தாயகம் சென்று தங்கினால் தொடர்ச்சி அறுந்ததாகும். குடும்பத் தலைவன் மட்டும் வாழ்ந்தாற் போதாது. மணமாகி ஓராண்டு நிறையுமுன் மனைவியும் அந்நாட்டை அடைந்து, ஆங்கே தொடர்ந்து உறைந்திருத்தல் வேண்டும். கணவனுக்கு நோயென்றால் உடன் இருப்பதா, ஊரிலுள்ள மாமியாரைப் பேணுவதா என்று ஒரு பெண் ஒருகால் செய்த முடிவு, பல்லாண்டு கழிந்தபின் குடும்பம் முழுவதன் உரிமையையும் அறுக்க வல்லதாயிற்று. மனுச் செய்ய இறுதிநாள் 1951 ஆகஸ்டு 5. இலங்கை இந்தியர் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தமையால் பலர் காலந்தாழ்ந்தே மனுச் செய்தனர். ஏறத்தாழ 8,25,000 பேர் வேண்டினர். குடியுரிமை எய்தினோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் எந்நாட்டினரும் அல்லராய், 'நாடற்றவர்' என்னும் பெயரே தமக்குரிமையாகப் பெற்றனர்.

இந்திய அரசியற் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இந்தியாவிற் பிறந்திருப்பின் வெளிநாட்டில் வாழ்வோரும் இந்தியத் தூதரகத்திற் பதிந்து குடியுரிமை பெற வழி செய்கின்றது. ஆயினும் தேயிலைச் செடியன்றிப் பிறிதொன்று அறியாதார் பலர், தாம் காணாத நாட்டை வேண்ட விரும்பவில்லை. இந்நிலையில் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தனர். 1974-இல் அவ்வெச்சமும் இரு நாட்டிற்கும் 75,000 ஆகச் சரிபாதியாகப் பகுக்கப்பட்டது. எண்கள் நேராகப் பகுபடும். குடும்பம் அங்ஙனம் பகுபடுமோ?

வயதுவந்தோர் தனித்தனியே மனுச் செய்தமையின், அண்ணன் மனு ஒரு பக்கமும் தங்கை கணவன் மனு மற்றொரு பக்கமும் முடிந்தன. இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணினும் மிகப் பலர் அந்நாட்டையே வேண்டினர். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர், அதனைப் பெற்ற அன்றே பிறந்த மண்ணில் அயலார் ஆயினர். உறைவிசைவின் தவணை முடியும்வரை, அல்லது 55 வயது நிரம்பும்வரை மட்டும் தொழில் செய்யலாம் என்பது விதி. தவணை முடிந்ததும் கப்பல். இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமிற் பதிந்து, குடும்ப அட்டை பெற்று, நீலகிரித் தேயிலைத் தோட்டத்திற்கோ, கேரளத்து இரப்பர்த் தோட்டத்திற்கோ, நூற்பாலைக்கோ, சிறுவணிகக் கடன் பெற்று வேற்றூர்க்கோ சென்றனர். ஆயாவின் கணவர் கடன் பெற்றுக் காஞ்சிக்கு வந்தவர். தமையனார் அட்டன் நகரின் பக்கத்தே தங்கிவிட்டார். தந்தையார் இறந்த செய்தி கடிதத்திலேயே வந்தது என்று ஆயா கூறினார்.

உள்நாட்டுப் போரினால் 1984-இல் கப்பல் நின்றது. பின்னர் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டத்தாலும், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அந்நாட்டுக் குடியுரிமை உறுதியாயிற்று. 1948-இல் மறுக்கப்பட்டது 2003-இல் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகள் 55. அவற்றுள் மாய்ந்தோர்க்கு அச்சட்டத்தாற் பயன் யாது?

இஃது இலங்கை ஒன்றன் குறை என்று கருதற்க. 1948 முதல் 1973 வரை மேற்கிந்தியத் தீவுகள் முதலியவற்றினின்றும் சட்டப்படி பிரித்தானியா சென்று உழைத்தாருட் பலர், தாம் தங்கியதற்குத் தாள் காட்ட இயலாமையால் வேலையும் மருத்துவமும் இழந்து, சிலர் நாடுகடத்தவும்பட்ட செய்தி 2018-இல் உலகறிய வெளிப்பட்டது.

நம் நாட்டு விதிகளையும் சிறிது நோக்குவோம். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்வரை இந்தியாவிற் பிறந்தோர், பெற்றோர் யாவரேயாயினும், ஒரு சில விலக்கு நீங்கலாகக் குடிமக்களே. அதன்பின் 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டும். அந்நாள் முதற் பிறந்தோர்க்கோ, இருவரும் குடிமக்களாதல் வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாயிருக்க, மற்றவர் சட்டத்திற்கு மாறாகக் குடியேறியவர் அல்லராதல் வேண்டும். 1983 முதல் இலங்கையினின்றும் படகேறி உயிர் தப்பி வந்தாருட் பலர்க்குக் கடவுச்சீட்டு இல்லை. ஆதலின் அவர்கள் மேற்கூறிய குடியேறியோர் வகையில் அடங்கினர். காஞ்சிப் பெண் ஒருத்தி அவ்வகையினர் ஒருவரை மணந்து இன்று மகவு பெறின், தாய் இந்தியளாயிருந்தும் அம்மகவு பிறப்பாற் குடிமகன் ஆகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் என்னும் மூன்று நாட்டினின்றும் வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. இலங்கை அதனுட் சேரவில்லை. 2015 சனவரி 9 வரை இங்கு அடைக்கலம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டும் விசாவும் இன்மை குற்றமாகாது என 2025 செப்டம்பரில் நடுவணரசு விலக்களித்தது. அச்சம் ஒழிந்தது, ஆயினும் விலக்கு வேறு, குடியுரிமை வேறு.

நாள் ஒன்றன் வலிமையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவர், 1987 சூலைக்கு முன் பிறந்தமையாற் குடிமகளே என்று வழக்காடினார். 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்க்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024-இல் அவர் முதன்முறை வாக்களித்தார். அவரினும் இரண்டு ஆண்டு பிற்பட்டு அதே முகாமிற் பிறந்து, அகதியரையே பெற்றோராக உடையார்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்க்கு அந்நன்மையைத் தந்தது பிறப்புச் சான்றிதழில் எழுதிய தேதி ஒன்றே.

ஆதலின் மாணவராகிய நாம் செய்யத்தக்கன சில உள. எழுத்தறியாத முதியோர் வீட்டிற் பழந்தாள்கள் இருப்பின் படித்துக் கூறிப் படியெடுத்து வைத்தல் ஒன்று. ஆயாவின் கடவுச்சீட்டில் ஒருவகையாகவும் குடும்ப அட்டையில் வேறுவகையாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தது. பேர்த்தியின் இடரெல்லாம் அவ்வோரெழுத்தில் விளைந்ததே. பிறப்பை 21 நாட்களுக்குள் பதியச் செய்தலும், பெயரை எல்லாத் தாளிலும் ஒருவகையாகவே எழுதுவித்தலும் மற்றொன்று. 2023 அக்டோபர் முதற் பிறந்த குழந்தைகட்குப் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றிதழே சான்று. ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்றாகாது என்பதையும் பலர் அறியார். விசாவோ உறைவிசைவோ உடையார், தவணை முடியுமுன் மனுச் செய்து அதன் படியைப் போற்றி வைத்தல் வேண்டும். மறுப்பாணையையும் கிழித்தெறிதல் ஆகாது. மேன்முறையீட்டிற்கு அதுவே வாயில்.

சட்டம் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. வாயிலின்றி வீடில்லை, எல்லையின்றி நாடில்லை. ஆனால் உழைக்க அழைத்தபோது கேளாத சான்றைத் தங்க விரும்பும்போது கேட்பதும், ஒரு குடும்பத்தைத் தனித்தனித் தாள்களாகவே காண்பதும் முறையாகா என்பதே யாம் கூறுவது.

பெயர் வேறுபாட்டிற்கு உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தபின், பேர்த்திக்குச் சான்றிதழ் கிடைத்தது. அன்று மாலை ஆயா தம் கடவுச்சீட்டை மீண்டும் எம்மிடம் நீட்டி, "என்னை எந்த ஊர்க்காரி என்று இதில் எழுதியிருக்கிறது, கண்ணு?" என்று கேட்டார். "பிறந்த ஊர் அட்டன், நாடு இந்தியா" என்றோம். "இரண்டும் மெய்தானே!" என்று கூறிப் பெட்டியை மூடி, விட்ட தாரைச் சுற்றத் தொடங்கினார்.