காவல்காரனுக்கு யார் காவல்?

2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஒன்பது நாட்கள் இருந்த வேளையில் புத்தளத்திலிருந்து ஒரு கடைக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பதினைந்து வருடமாக எங்களிடம் சாரமும் அபாயாவும் மொத்தமாக எடுக்கும் மனிதர். "ஹாஜியார், ரெண்டு நாளா வெப்சைட்டில ஓடர் போட ஏலாமக் கெடக்கு. நீங்க யாவாரத்த நிப்பாட்டிட்டீங்களோன்டு நெனச்சிட்டேன்" என்றார்.

நான் உடனே எனது போனில் எங்கள் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். அழகாகத் திறந்தது. புதிய டிசைன்களின் படங்கள் எல்லாம் வந்தன. தளத்தைக் கவனித்துக் கொள்பவன் எனது தங்கையின் மகன். அவனிடம் கேட்டபோது, தளம் வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்லும் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான். எல்லாம் பச்சை. ஒரு மாதமாக நூற்றுக்கு நூறு. சந்தேகம் தீராமல் நானே ஒரு டசின் சாரத்தைத் தெரிவு செய்து ஓடரை உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக் கொண்டே இருந்தது.

விடயம் இதுதான். சேர்வரின் சேமிப்பு இடம் முழுவதும் நிறைந்து விட்டது. ஓடர் வந்தால் அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுத ஒரு வரி கூட மிச்சமில்லை. ஆனால் முகப்புப் பக்கம் முன்கூட்டியே பிரதி எடுத்து வைக்கப்பட்டிருப்பதால் அது மட்டும் குறைவில்லாமல் திறக்கிறது. எங்கள் கண்காணிப்பு கேட்டதும் முகப்புப் பக்கத்தைத்தான். பக்கம் கிடைத்தால் சேர்வர் 200 என்ற இலக்கத்தைப் பதிலாக அனுப்பும். 200 வந்தது, பச்சை எரிந்தது. கடையின் ஷட்டர் திறந்திருந்தது, உள்ளே காசாளர் மேசை இல்லை. புத்தளத்து மனிதர் அதற்குள் பாதிச் சரக்கை வேறிடத்தில் எடுத்து விட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெருநாள் யாரையும் காத்திருப்பதில்லையே.

புறக்கோட்டையில் இரவுக் காவல்காரர்கள் ஒவ்வொரு கடைப் பூட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு போவதை வியாபார நண்பர்கள் கண்டிருப்பீர்கள். தெரு முனையில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறவரும் உண்டு. இணையத்தளக் கண்காணிப்பிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. 'பிங்' என்பது சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தூரத்திலிருந்து ஒரு குரல் கொடுப்பது. அதற்கு அடுத்தது பக்கத்தைக் கேட்டு 200 வருகிறதா என்று பார்ப்பது. அதற்கும் மேலே, வந்த பக்கத்தில் நமது கடையின் பெயரோ ஒரு குறிப்பிட்ட சொல்லோ இருக்கிறதா என்று தேடுவது. இந்த மூன்றாவது தேவையா என்று கேட்பவர்கள் 2021 பெப்ரவரி 6 ஆம் திகதியை நினைத்துப் பார்க்கட்டும். அன்று நமது நாட்டின் .எல்கே பெயர்ப் பதிவில் யாரோ கைவைத்ததால், கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில முகவரிகளைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டு போய் விடப்பட்டார்கள். இப்படி வேறொருவருடைய பக்கம் திறந்தாலும் 200 வரும். எல்லாவற்றுக்கும் மேலானது, ஒரு வாடிக்கையாளர் செய்வதை அப்படியே செய்து பார்ப்பது. இப்போது எங்கள் கண்காணிப்பு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 'பரிசோதனை' என்ற பெயரில் ஒரு ரூபா ஓடர் ஒன்றைப் போட்டு, அது கணக்கில் விழுந்ததா என்று பார்த்து அழித்து விடுகிறது. சேமிப்பு இடம் எண்பது வீதத்தைத் தாண்டினாலும் சொல்லி விடுகிறது.

அந்தப் பெருநாளுக்குப் பிறகு மருமகன் முறையாக ஒரு வலையமைப்பை உருவாக்கினான். அதற்கு முன் எங்கள் நிலைமை எப்படி என்றால், ஆரம்பத்தில் கண்காணிக்கும் மென்பொருளைத் தளம் இருந்த அதே சேர்வரிலேயே வைத்திருந்தோம். சேர்வர் விழுந்தால் காவல்காரனும் சேர்ந்து விழுவான். போதாததற்கு, எச்சரிக்கை வரும் மின்னஞ்சலும் அதே டொமைனில். இன்று சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் நின்றபோது, அந்தக் கம்பனியின் பொறியியலாளர்கள் பழுதுபார்க்கப் பாவிக்கும் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவர்களுக்கும் உள்ளே நுழைவது பெரும்பாடாகிவிட்டது. 2025 நவம்பர் 18 ஆம் திகதி கிளவுட்பிளெயார் என்ற சேவை தடைப்பட்ட நேரம், எந்தத் தளம் விழுந்தது என்று உலகமே போய்ப் பார்க்கும் டவுன்டிடெக்டர் தளமும் சேர்ந்து தடுமாறியது. அதுவும் அதே சேவைக்குப் பின்னால்தான் இருந்தது.

ஆகவே நாங்கள் மூன்று காவல் நிலையங்கள் வைத்தோம். சிங்கப்பூரில் ஒரு சிறு வாடகைச் சேர்வர், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மாதம் ஐந்தாறு டொலர்தான். மூன்றாவது எங்கள் கல்முனைக் கிளையில், ராஸ்பெரி பை எனப்படும் உள்ளங்கை அளவு கணனி. மூன்றிலும் அப்டைம் கூமா என்ற மென்பொருள். 2021 இல் வெளிவந்த இது இலவசம். இதைக் கேள்விப்பட்ட வேறு நான்கு வியாபாரிகளும் தங்கள் தளங்களை எங்களோடு சேர்த்துக் கொண்டார்கள், செலவையும் பகிர்ந்து கொண்டோம்.

அத்தோடு பிரச்சினை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். உண்மையில் அங்கேதான் அது தொடங்கியது.

அந்த வருடம் நவம்பரில் ஒரு நாள், நமது ஹோஸ்டிங் காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சேர்வரை இடம் மாற்றியதில் இரவு பன்னிரண்டு மணியளவில் தளம் விழுந்தது. காலை ஏழு மணிக்குத்தான் கண்டோம். நமக்கு நடுநிசி என்றால் டோஹாவில் இரவு ஒன்பதரை. கட்டாரிலும் டுபாயிலும் இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து ஊரில் உள்ள வீட்டுக்குச் சாமான் அனுப்பும் நேரம் அதுதான். ஒரு கல்யாண வீட்டுக்கு முழு உடுப்பும் எங்களிடம் எடுப்பதாகச் சொல்லியிருந்த ஒருவர் அன்றிரவு வேறு கடைக்குப் போய்விட்டார்.

நான் மருமகனுக்கு நன்றாக ஏசிவிட்டேன். கடையில், வேலைக்காரர்களுக்கு முன்னால். மூன்று நாட்டில் காவல் வைத்து என்ன பலன், உன்னுடைய தூக்கம்தான் உனக்குப் பெரிது என்றேன். அவன் ஒரு சொல் கூடத் திருப்பிப் பேசவில்லை. அடுத்த நாள் ஒரு கடதாசியைக் கொண்டு வந்து எனது மேசையில் வைத்தான். முந்திய ஒரு மாதத்தில் இரவு நேரத்தில் மட்டும் வந்த எச்சரிக்கைகளின் பட்டியல். அறுபத்தொரு எச்சரிக்கை. அதில் உண்மையாகத் தளம் விழுந்தது மூன்று தடவை. "மாமா, அறுபது தரம் எழும்பினேன். அறுபத்தோராவது முறைக்கு முன் போனின் சத்தத்தைக் குறைச்சேன்" என்றான். அவனுக்கு வேறு கம்பனியில் வேலை கிடைத்திருந்ததையும், எனக்காக அதைத் தள்ளிப் போட்டுக் கொண்டிருந்ததையும் பிறகு தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று பின்னேரம் இருவரும் உட்கார்ந்து, அந்த ஐம்பத்தெட்டுப் பொய் எச்சரிக்கைகளும் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கணக்குப் பிழைத்தால் பற்றுச்சீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லையா, அதே வேலைதான். அதிகமானவை பிராங்பேர்ட்டிலிருந்து வந்தவை. ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று கண்ட ஹோஸ்டிங் காரர்களின் பாதுகாப்புச் சுவர், அதைத் தாக்குதல் என்று எண்ணி எங்கள் காவல்காரனையே துரத்தியிருக்கிறது. அந்த முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியதும் அது தீர்ந்தது. அடுத்த கூட்டம் அதிகாலை இரண்டு மணிக்கு வந்தவை. தினமும் அந்த நேரத்தில் தரவுகளைப் பிரதி எடுப்பதால் தளம் மெதுவாகும், ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் விழுந்து விட்டது என்று மென்பொருள் எழுதிவிடும். பிரதி எடுக்கும் இருபது நிமிடத்தைப் பராமரிப்பு நேரம் என்று அறிவித்தோம். மிச்சம் கல்முனைக் கடையின் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்ததால் வந்தவை. அங்கே விழுந்தது எங்கள் தளமல்ல, எங்கள் காவல்காரனின் கண்.

அதற்குப் பிறகுதான் பழைய சாட்சி முறைக்கு வந்தோம். ஒரு நிலையம் விழுந்தது என்றால், முப்பது விநாடி கழித்து அதுவே மறுபடி பார்க்கும். அப்போதும் பதில் இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் கேட்கும். மூன்றில் இரண்டு ஒரே சொல் சொன்னால் மாத்திரமே இரவில் போன் அடிக்கும். ஒன்று மட்டும் சொன்னால் அது காலையில் பார்க்கும் பட்டியலில் எழுதப்படும். இந்தத் தீர்ப்பைச் சொல்ல மருமகன் தனியாக ஒரு சிறு நிரல் எழுதினான். எச்சரிக்கை இப்போது டெலிகிராமிலும் குறுஞ்செய்தியிலும் இரண்டு பேருக்கு வருகிறது. இரண்டாவது ஆள் நான்தான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவுக் காவல் என்னுடையது. அது எனக்கு நானே கொடுத்துக் கொண்ட தண்டனை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பொய் சொல்லும் காவல்காரனையாவது பிடித்து விடலாம். பேசாமல் செத்துப் போகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக் கொண்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது ஞாபகமிருக்கும். மின்சாரம் மீண்ட பிறகும் கல்முனைப் பெட்டி எழும்பவில்லை. திடீர் மின் துண்டிப்பில் அதன் மெமரி கார்ட் பழுதாகி விட்டது. செத்த பெட்டி எச்சரிக்கை அனுப்புமா? பன்னிரண்டு நாள் யாருக்கும் தெரியாது. ஆகவே இப்போது ஒவ்வொரு நிலையமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மற்ற இரண்டுக்கும் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். செய்தி வந்தால் எதுவும் நடக்காது, வராமல் விட்டால்தான் மணி அடிக்கும். பெட்டிக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ்.ஸும் வாங்கி வைத்தோம்.

பழுதான பெட்டியை நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் மேசை லாச்சியில் போட்டிருந்து, புதிய கார்ட் போட்டுத் திருப்பி மாட்டியதும் இன்னொரு கூத்து. 'பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது' என்று ஒரே சத்தம். மற்ற இரண்டும் சரி என்கின்றன. அரை நாள் தேடிய பிறகு தெரிந்தது, எங்களிடம் இருக்கும் மாதிரியில் மின்சாரம் இல்லாத நேரம் நேரத்தைக் காக்கும் மணிக்கூடு கிடையாது. இணையத்தில் நேரத்தைக் கேட்டுத்தான் திருத்திக் கொள்ளும். கிளையில் புதிதாகப் போட்ட ரவுட்டர் அந்தக் கேள்வியை வெளியே விடவில்லை. பெட்டி பல வாரம் பின்னால் நின்று கொண்டிருந்தது. இடையில் நாங்கள் புதுப்பித்த சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை.

சான்றிதழ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமது தள முகவரிக்கு முன்னால் பூட்டு அடையாளத்தைத் தரும் இந்தச் சான்றிதழை 2020 செப்டம்பருக்குப் பிறகு ஒரு தடவையில் 398 நாளுக்கு எடுக்கலாம் என்றிருந்தது. 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. வருடத்துக்கு ஒரு தடவை கையால் புதுப்பித்தவர்கள் இனித் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டுக்கு மாறாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் கடை பூட்டப்படும். முடிவுத் திகதிக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது எங்களுக்கு எச்சரிக்கை வருகிறது. டொமைன் பெயர் முடியும் திகதியையும் அதே பட்டியலில் போட்டிருக்கிறோம்.

ஹோஸ்டிங் விற்க வருகிறவர்கள் '99.9 வீதம்' என்று சொன்னால் மயங்கிவிட வேண்டாம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணித்தியாலம் மூடியிருக்க அதில் இடமிருக்கிறது. 99 வீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். அந்த மூன்றரை நாளும் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் வந்தால் என்ன என்பதை உங்கள் கணக்குப் புத்தகத்தை வைத்து நீங்களே பாருங்கள்.

2025 செப்டம்பர் 6 ஆம் திகதி ஜித்தாவுக்கு அருகில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது எங்கள் மூன்று நிலையமும் பச்சை. ஆனால் டுபாயிலிருந்து ஒருவர் படம் வர ஒரு நிமிடம் ஆகிறது என்கிறார். அவர் வரும் பாதையில் நமக்குக் கண் இல்லை. காசு கொடுக்கிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஒரு காவல் வேண்டும் என்று பஹ்ரைனில் நான்காவதை வைத்தோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, மருமகன் யாருக்கும் சொல்லாமல் ஒரு பரிசோதனைத் தளத்தை வேண்டுமென்றே நிறுத்துவான். எத்தனை விநாடியில் எனது போன் அடிக்கிறது என்று எழுதி வைப்போம். போன மாதம் தொண்ணூறு விநாடியில் சிங்கப்பூரும் பஹ்ரைனும் சொல்லிவிட்டன, பிராங்பேர்ட்டும் பின்னால் வந்தது. கல்முனை மட்டும் மௌனம். யூ.பி.எஸ். இருக்கிறது, புது கார்ட் இருக்கிறது, ரவுட்டரும் திருத்தியாகிவிட்டது. கிளைக்குப் போன் எடுத்தேன். கடைப் பையன் சொன்னான், "முதலாளி, போன் சார்ஜ் போட அந்த வயரைத்தான் கொஞ்சம் கழட்டினேன்."

இப்போது அந்தப் பிளக்கில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.